அழுகையும் அறமும்
சிலம்பு காட்டும் துயரும் கொட்டாஞ்சேனை கண்ட துயரும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகைக்கு அடுத்ததாக அழுகையை வைத்தார் தொல்காப்பியர். இழவு, இளிவு, வறுமை, அசைவு என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன்கள் என அவர் வகுத்தமை தமிழ் கற்றோர் அறிந்ததே. உயிரையேனும் பொருளையேனும் இழத்தல் இழவு. பிறரால் எள்ளப்படுதல் இளிவு. துய்க்க வேண்டுவன இன்மை வறுமை. முன்னிருந்த நிலை குலைந்து வேறாதல் அசைவு. உரைமரபு இதனினும் நுண்ணியதொரு வேறுபாட்டைக் காட்டுகின்றது. தான் உற்ற துன்பத்தால் தானே அவலித்தல் ஒருவகை. பிறர் உற்ற துன்பங் கண்டு அவலித்தல் மற்றொருவகை. பின்னதனைக் கருணை எனப் பெயரிட்டு வேறு சுவையாக எண்ணுதலும் உண்டு.

இவ்விரண்டும் என்றும் வேறாகவே நிற்குமோ, அன்றி ஒருகால் ஒன்றாய் இயையுமோ என்பது ஆராயத்தக்க வினா. புறத்திணையிற் கையறுநிலை என்னும் துறை ஒருவாறு இதற்கு விடை தருவதாகத் தோன்றலாம். ஆயினும், தன்னைப் புரந்த தலைவன் மாய்ந்தவழி அவனைச் சார்ந்தோர் வருந்திப் பாடுவதே அத்துறை. அங்கு அழுவோரும் அழப்படுவோரும் ஓர் உறவிற் கட்டுண்டவர். உறவும் இனமும் சமயமும் வேறாகியோர் ஒருவர்க்காக ஒருவர் அழும் நிலையை அத்துறையின் எல்லைக்குள் அடக்குதல் அரிது. அந்நிலையைத் தமிழில் விரித்துக் காட்டிய பெருநூல் சிலப்பதிகாரமே. அந்நூலை இலங்கையின் அண்மைக்கால வரலாற்றோடு வைத்துக் கற்பின், வழக்கமான பாராட்டுரைகளிற் புலனாகாத சில உண்மைகள் புலனாகும்.

கொழும்பு மாநகரின் வடபால் கடலை அடுத்துக் கிடப்பது கொட்டாஞ்சேனை. அதனைச் சேர்ந்த கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் திருத்தலம் நிற்கின்றது. ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டிருந்த காலத்தில், வணிகர் கோலம் பூண்டு மறைந்து வாழ்ந்த அந்தோனியோ என்னும் குருவானவர் கடலரிப்பு நீங்க இறைவனை வேண்டினர் என்றும், அவர் சிலுவை நட்ட இடமே பின்னர்த் திருத்தலமாயிற்று என்றும் மரபுரை வழங்குகின்றது. அதற்கு அணித்தே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயில் உளது. பௌத்த விகாரையும் பள்ளிவாசல்களும் தொலைவில் இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோனியாரை நாடி மெழுகுவர்த்தி ஏற்றுவோருள் கத்தோலிக்கரேயன்றிச் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் இருப்பர்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு. காலைப் பூசைக்கு மக்கள் நிறைந்திருந்த வேளையில் அத்திருத்தலத்தினுள் தற்கொலைக் குண்டு வெடித்தது. அன்று காலையிலேயே நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டியிற் புனித செபஸ்தியார் தேவாலயமும், மட்டக்களப்பிற் சீயோன் தேவாலயமும், கொழும்பின் பெருவிடுதிகள் மூன்றும் தாக்கப்பட்டன. 250க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். தமிழர், சிங்களவர், அயல்நாட்டினர் என்னும் வேறுபாடு அங்கே அழிந்தது. தாய்தந்தையரோடு சென்ற சிறுவர் பலரும் மாண்டனர். 23ஆந் திகதி நாடெங்கும் துக்கநாளாக நிகழ்ந்தது. காலை 8.30 மணிக்கு மூன்று நிமிடம் மக்கள் வாய் பேசாது நின்றனர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சைவர் கடைகளிலும் முஸ்லிம்கள் கடைகளிலும் வெண்கொடிகள் தொங்கின. துயரம் இந்நாட்டு மக்களை ஒன்றுபடுத்திற்று என்று மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சொல்லப்பட்டது.

இக்கூற்று ஆராயாது ஏற்கத்தக்கதன்று. துயரம் மக்களை ஒன்றுபடுத்தும் என்பது மெய்யே. எதற்காக ஒன்றுபடுத்தும் என்பதிலேதான் ஐயம் எழுகின்றது. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆந் திகதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இராணுவ வீரர் 13 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் அவர்தம் உடல்களை அடக்கஞ் செய்தற்கெனப் பொரளைக் கனத்தை மயானத்திற் பெருங்கூட்டம் திரண்டது. அக்கூட்டத்தின் துயரம் பொய்த் துயரமன்று. மைந்தரை இழந்தோரும் அவர்க்கு இரங்கினோரும் அங்கு ஒன்றுபட்டே நின்றனர். அவ்வொற்றுமையினின்றே அன்றிரவு தீ எழுந்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உடுத்த உடையோடு வந்தோர்க்குப் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அடைக்கலமாயிற்று. மாணவர் இருந்து கற்ற கூடங்களிற் குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்தன. துயரம் ஒரு சாராரை ஒன்றாக்கி மற்றொரு சாராரைச் சுடவும் வல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கொட்டாஞ்சேனை வரலாற்றில் இதனினும் பழையதொரு செய்தியும் உண்டு. 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி, அன்றும் உயிர்த்த ஞாயிறே. மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கர்க்கும் இடையே அங்குக் கலகம் மூண்டது. அதே திருநாளில், அதே ஊரில், 136 ஆண்டுகளின் பின் பௌத்தர் கத்தோலிக்கருக்காகக் கண்ணீர் விட்டனர். மக்கள் மனம் மாறத்தக்கது என்பதற்கு அது சான்று. மாறிய மனம் மீண்டும் மாறாது என்பதற்கு அது சான்றாகாது.

இனிச் சிலப்பதிகாரத்தை நோக்குவோம். கோவலன் கொலையுண்டமை அறிந்து வருந்தியோர் யாவர் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆயர் சேரியில் அவனுக்கும் கண்ணகிக்கும் இடங் கொடுத்த மாதரி மாயோனை வழிபடும் இடைக்குல முதுமகள். அடைக்கலமாக ஏற்றவரைக் காக்கவியலாது போயிற்றே என்று அவள் தீயிற் பாய்ந்து உயிர் நீத்தாள். வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் சமணத் துறவி. அவர் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார். கோவலன் தந்தை மாசாத்துவான் தன் பொருளெல்லாம் வழங்கிப் பௌத்தத் துறவு மேற்கொண்டான். கண்ணகி தந்தை மாநாய்கன் ஆசீவகரைச் சார்ந்து துறவு பூண்டான். மாதவி மகளோடு புத்தநெறி புகுந்தாள். ஒரு கொலையின் துயரம் நான்கு சமயங்களின் வாயிலாக வெளிப்பட்டது. ஒவ்வொருவரும் தத்தம் நெறியில் நின்றே அழுதனர். ஒருவர் மற்றொருவர் நெறிக்கு மாறவுமில்லை. எந்நெறியின் அழுகை உயர்ந்தது என்று இளங்கோவடிகள் நிறுத்துப் பார்க்கவுமில்லை.

இவருள் மாதரியின் நிலை தனித்து நோக்கற்பாலது. அவளுக்குக் கண்ணகி உறவினள் அல்லள். சின்னாள் முன்னர் வந்த விருந்தினள். ஆயினும் பிறர் அவலத்தைத் தன் அவலமாகவே அவள் கொண்டாள். உரைமரபு இரண்டாகப் பிரித்த அழுகை அவளிடத்து ஒன்றாகிவிடுகின்றது. அதற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. காப்பேன் என்று ஏற்றுக்கொண்ட பொறுப்பு அங்கே இருந்தது. பிறர் துயர் தன் துயராவது பொறுப்பின் வழியாக என்பதே மாதரியால் அடிகள் உணர்த்தும் கருத்தாகும்.

ஊர்சூழ்வரியில் மற்றொரு காட்சி வருகின்றது. ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்திக் கண்ணகி மதுரைத் தெருவிற் புலம்பிச் செல்கின்றாள். அவள் புகார் நகரத்தாள், அந்நகரத்தார்க்கு முகமறியாதவள். இருந்தும் மதுரை மக்கள் அவளைக் கண்டு கலங்குகின்றனர். வளையாத செங்கோல் வளைந்ததே என ஏங்குகின்றனர். தம் அரசன் செய்த பிழை என்று கருதி அதனை மறைக்க அவர்கள் முயலவில்லை. அயலாள் ஒருத்தியின் இழப்புக்காகத் தம் அரசனைப் பழிக்கத் துணிந்தனர். அவ்வகையில் இதுவும் பிறர் அவலங் கண்டு அவலித்தலேயாம்.

வழக்குரை காதை இத்துயரை அரசவைக்குக் கொண்டுசெல்கின்றது. அங்குக் கண்ணகி வெறுங் கண்ணீரோடு நிற்கவில்லை, சான்றோடு நிற்கின்றாள். அரசியின் சிலம்பு முத்துடையது. கண்ணகியின் சிலம்பு மாணிக்கம் உடையது. சிலம்பை உடைத்து அவள் வழக்கை மெய்ப்பிக்கின்றாள். பாண்டியன் நெடுஞ்செழியன் மறுத்துரையாது, தானே கள்வன் என்று ஏற்று உயிர் விடுகின்றான். அவன் கோவலனைப் பகைத்தவனல்லன். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பியதே அவன் குற்றம். காக்க வேண்டியவன் ஆராயாதிருத்தலும் கொலையோடு ஒக்கும் என்பது அவ்வவையின் தீர்ப்பு.

இவ்விடத்து இலங்கை கண்ட வழக்கொன்று நினைவுக்கு வருகின்றது. தாக்குதல் நிகழவிருப்பது பற்றிய எச்சரிக்கை 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆந் திகதியே இந்தியாவிலிருந்து இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்திருந்தது. இறந்தோர் உறவினரும் திருச்சபையினரும் பிறரும் தொடுத்த அடிப்படை உரிமை வழக்குகளில், 2023ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. கிடைத்த எச்சரிக்கைகள் இருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமையால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று அது கண்டது. அந்நாளிற் குடியரசுத் தலைவராயிருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், பொலிஸ் மா அதிபராயிருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராயிருந்த நிலந்த ஜயவர்தனவும் தலைக்கு 7.5 கோடி ரூபாவும், பாதுகாப்புச் செயலாளராயிருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி ரூபாவும், தேசிய புலனாய்வுத் தலைவராயிருந்த சிசிர மெண்டிஸ் 1 கோடி ரூபாவும் தத்தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாகச் செலுத்தப் பணிக்கப்பட்டனர். நெடுஞ்செழியனைப் போல் அவருள் எவரும் தாமே முன்வந்து குற்றத்தை ஏற்றிலர் என்பது வேறுபாடு. ஆயினும், துயருற்றோர் சான்றோடு அவையேறிக் காவலரின் தவறு இன்னது என நிறுவினர் என்பதில் இரு வழக்கும் ஒக்கும்.

சிலப்பதிகாரம் இவ்விடத்தோடு முடிந்திருப்பின் அதனை நீதிநூல் எனப் பாராட்டி அமையலாம். அது முடியவில்லை. குற்றவாளியாகிய அரசன் இறந்துபட்ட பின்னரும் கண்ணகியின் சினம் தணியாது மதுரை எரிகின்றது. எரிந்த மதுரை யாருடையது? ஊர்சூழ்வரியிற் கண்ணகிக்காக அழுத மக்களுடையது. இம்முரண்பாட்டை உரையாளர் பலர் கடந்து செல்வர். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விடுத்துத் தீயோரையே பற்றுக எனக் கண்ணகி அங்கியங்கடவுளை ஏவினாள் ஆதலின் குற்றமில்லை என்பது அவர் கூற்று. மதுரை தீக்கிரையாகும் என முன்னரே ஓர் உரை இருந்ததை மதுராபதி கூறுதலின் அது ஊழின் செயல் என்பாரும் உளர்.

இவ்விரு விடைகளும் நிறைவு தருவன அல்ல. விலக்கிய பட்டியலை உற்று நோக்கின், அறவோர் என்னும் சொல்லுள் அடங்கினாலன்றி, உழைத்துண்ணும் எளிய குடிமகனுக்கு அதில் இடம் இல்லை. தெருவில் நின்று அழுத மதுரையான் அறவோனோ தீயோனோ என்று தீ எங்ஙனம் தெரியும்? ஊழின்மேற் பழியைச் சார்த்தினும், எரிந்தது வீடுதான் என்பது மாறாது. அடிகள் இதனை அறியாதவரல்லர். அறிந்தமையினாலேயே அழுத மக்களை முதலிற் காட்டி, எரியும் நகரைப் பின்னர்க் காட்டினார். அறத்தின்வழி எழுந்த துயரும் தன் எல்லையைக் கடக்கும் என்பதை அவர் மறைக்கவில்லை.

எல்லை கடந்த துயரின் கொடிய வடிவம் கொற்கையில் நிகழ்கின்றது. நெடுஞ்செழியனுக்குப் பின் அரசேற்ற வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் 1000 பேரை ஒருபகலிற் பத்தினிக்கு உயிர்ப்பலியாகக் கொடுத்தான் என்று நூல் கூறுகின்றது. இச்செய்தி உரைபெறு கட்டுரையில் மட்டும் இருப்பின், அது பின்னோர் சேர்த்தது எனக் கழித்துவிடலாம். நீர்ப்படைக் காதையிலும் அது வருதலின் அவ்வாறு கழித்தல் ஒல்லாது. பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். மாண்டவர் 1000 பொற்கொல்லர். அவர் செய்த குற்றம் அவனோடு ஒரு தொழிலில், ஒரு குலத்திற் பிறந்தமையே. மழை பெய்தது, நாடு செழித்தது என நூல் தொடர்ந்து கூறுவதைக் கொண்டு அடிகள் இதற்கு உடன்பட்டார் என்று சொல்வாரும் இருக்கலாம். அடிகள் உடன்பட்டாரா என்பதினும், கற்போர் உடன்படுகின்றனரா என்பதே பொருளுடைய வினா. ஆயிரம் பொற்கொல்லரின் மனைவியரும் தத்தம் கணவரை இழந்தவரல்லரோ? அவர் புலம்பிய புலம்பலைக் கேட்பதற்கு மற்றொரு வழக்குரை காதை எழுதப்படவில்லை.

இலங்கையிற் கொற்கைப் பலி பன்முறை நிகழ்ந்திருக்கின்றது. 1983 ஜூலையில் தமிழர் பொற்கொல்லராயினர். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பாதுகாப்பின் பெயரால் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அகற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. இவற்றைத் தமிழர் மறப்பதில்லை. மறவாதிருத்தல் தகும். ஆனால் 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் 100க்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அவ்வாண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் குடிபெயர்த்ததையும் அவ்வளவு தெளிவாக நினைவிற் கொண்டோர் எத்துணையர்? தன் இழவை மட்டும் நினைப்பது தானே அவலித்தல் என்னும் முதல்வகையோடு நின்றுவிடுகின்றது. இரண்டாம் வகைக்கு அது ஏறவில்லை.

2019ஆம் ஆண்டிலும் கொற்கை மீண்டது. ஏப்ரலிற் கண்ணீர் விட்ட நாட்டில், மே 13ஆந் திகதியளவில் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்தில் முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார். குண்டு வைத்தோர் சிலர். விடை கூற வேண்டியவர் ஒரு சமூகம் முழுவதும் என்றாயிற்று. வெண்கொடிகள் தொங்கிய நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே கழிந்தது மூன்று கிழமை. துயரம் ஒன்றுபடுத்திற்று என்று சொன்னோர் இம்மூன்று கிழமையையும் சேர்த்தே தம் கூற்றை நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

எனினும் அவ்வொற்றுமை முற்றும் பொய் என்று தள்ளுவதும் நீதியன்று. துயரின் கூரை மறுபக்கம் திருப்பாது தடுத்தோர் அந்நாட்களில் இருந்தனர். தம் மக்களின் உடல்களை அடக்கஞ் செய்து நின்ற கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, எவரும் பழிவாங்க முற்படலாகாது என்றும் முஸ்லிம்களுக்குத் தீங்கிழைக்கலாகாது என்றும் வேண்டினார். அகில இலங்கை ஜம்மியத்துல் உலமா குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மறுத்தது. குண்டுதாரிகளின் தலைவன் பரப்பிய தீவிரக் கொள்கையை எதிர்த்துக் காத்தான்குடி முஸ்லிம்கள் 2017ஆம் ஆண்டிலேயே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர் என்பதும் நினையத்தக்கது. அம்முறையீடு செவிசாய்க்கப்பட்டிருப்பின் வரலாறு வேறாயிருக்கக்கூடும். குற்றவாளியைச் சுட்டிக் காட்டியோரும் அச்சமூகத்தவரே. அவன் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோரும் அச்சமூகத்தவரே.

சிலப்பதிகாரம் கொற்கையோடும் முடியவில்லை என்பதை இங்குக் கருதுதல் வேண்டும். வஞ்சியிற் பத்தினிக்குக் கல் எடுத்துக் கோயில் அமைத்த செங்குட்டுவன், தான் போரில் வென்று சிறையிட்ட ஆரிய மன்னரை விடுவிக்கின்றான். சிறை நீங்கிய அப்பகைவரும், கொங்கரும், மாளுவ வேந்தரும், கடல் சூழ்ந்த இலங்கையின் கயவாகுவும் ஒருங்கு நின்று பத்தினியை வழிபடுகின்றனர். தத்தம் நாட்டுக்கும் எழுந்தருள வேண்டுமென அவர் இரக்கின்றனர். கொற்கைச் செழியன் பொற்கொல்லரைப் பலியிட்ட செய்தியின் பக்கத்திலேயே உரைபெறு கட்டுரை கயவாகுவின் செய்தியையும் வைக்கின்றது. அவன் பலிபீடத்தோடு கோயில் அமைத்து, ஆடித் திங்களில் விழா எடுத்தான். அவன் எக்குலத்தையும் கொன்றதாகச் செய்தி இல்லை. ஒரே துயருக்கு இரு மன்னர் செய்த இரு செயல்கள் அருகருகே நிற்கின்றன. தீர்ப்புக் கற்போர் கையில் விடப்பட்டிருக்கின்றது.

இலங்கை மக்கள் அத்தீர்ப்பைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கூறிவிட்டனர். கண்ணகி சிங்கள பௌத்தர்க்குப் பத்தினித் தெய்யோ ஆயினாள். கொழும்புக்கு அண்மையிலுள்ள நவகமுவைத் தேவாலயம் கயவாகுவோடு தொடர்புடையது என்று மரபு சொல்லும். கண்டியில் ஆடியை ஒத்த எசல மாதத்துப் பெரஹராவிற் பத்தினி தேவாலயமும் பங்குகொள்கின்றது. பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984ஆம் ஆண்டில் இவ்வழிபாடு பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். கிழக்கிலங்கைத் தமிழரிடையே வைகாசித் திங்களிற் கண்ணகி கோயில்களிற் கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. அதன் முடிவில் நிகழ்வது குளிர்த்தி. நீதி கேட்டு எரிந்த அம்மனை மக்கள் குளிர்விக்கின்றனர். சிலம்பின் இசைநுட்பங்களை யாழ்நூலில் விளக்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவும் அத்தகைய கண்ணகி கோயிலுக்குப் பெயர்பெற்ற ஊரே.

குளிர்த்தி என்பது மறதியன்று. வழக்குரையைப் படித்த பின்னரே குளிர்த்தி பாடப்படும். குற்றம் இன்னது, செய்தவன் இவன், காக்கத் தவறியவன் இவன் என ஊரறிய உரைத்த பிறகே தீ அணைக்கப்படுகின்றது. வழக்கை உரையாமற் குளிரச் சொல்வது துயருற்றோர் வாயை அடைப்பதாகும். உரைத்தும் குளிராதிருப்பின் அது கொற்கைக்குச் செல்லும் வழியாகும். இவ்வொழுங்குமுறையை நாட்டுப்புற மக்கள் கோயிற் சடங்காகவே காத்து வந்தனர். கற்றோர் இதனைச் சடங்கெனக் கண்டு அமைந்தனர். துயருக்கு இது வகுத்த நெறியைக் கண்டிலர்.

இவ்வொப்பீட்டுக்கு எல்லை உண்டென்பதும் ஒப்பத்தக்கது. கோவலன் அரசனது தவற்றால் இறந்தான். கொச்சிக்கடையில் மாண்டோர் கொல்லவே கருதி வந்தவனாற் கொல்லப்பட்டனர். காப்பியத்தில் ஒருநாளில் வழக்கு முடிந்தது. இலங்கையில் தீர்ப்புக்கே நான்காண்டு அணித்தாயிற்று. இத்தாக்குதலின் பின்னணி முழுவதும் வெளிவர வேண்டும் என்னும் கோரிக்கை அத்தீர்ப்போடும் ஓய்ந்துவிடவில்லை. ஆதலின் இங்கு வழக்குரை இன்னும் முற்றுப்பெறவில்லை எனலாம். முற்றுப்பெறும் வரை குளிர்த்தியையும் முழுமையாக எதிர்பார்த்தல் கூடாது.

ஆயினும் மாதரியின் எடுத்துக்காட்டு இன்றே பின்பற்றத்தக்கது. பிறர் துயர் தன்னதாவது பொறுப்பின் வழியாக என்று மேலே காட்டப்பட்டது. 1983இல் அயலவரான சிங்களவர் தம் வீட்டில் மறைத்துக் காத்தமையால் உயிர் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் வெள்ளவத்தையிற் பல. அவர்களைக் காத்தது மௌன அஞ்சலியன்று. கதவைத் திறந்து உள்ளே அழைத்த செயல். ஒரு குலத்தின் பெயரைச் சொல்லித் தேடுவோர் தெருவில் வருங்கால் தன் கதவு திறக்குமா, அடைபடுமா என்பதே ஒருவன் சிந்திய கண்ணீருக்கு உரைகல். ஏப்ரலில் வெண்கொடி கட்டியதால் அவ்வினாவுக்கு விடை கிடைத்துவிடாது. மே மாதத்திற்றான் அது கிடைக்கும்.

அந்தோனியார் திருத்தலம் 2019ஆம் ஆண்டு ஜூன் 12ஆந் திகதி, அவர் திருநாளுக்கு முதல் நாள், மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைக் கூட்டமும் மீண்டது. வாயிலிற் சோதனை நடந்தது. உள்ளே மெழுகுவர்த்திகள் எரிந்தன. யார் எச்சமயத்தார் என்று மெழுகுவர்த்தியைக் கொண்டு அறிய இயலாது. அங்கு வந்து நின்றோருள் இறந்தவர்க்கு உறவினரும் இருந்தனர், உறவிலாதாரும் இருந்தனர். தானே அவலித்தலும் பிறர் அவலங் கண்டு அவலித்தலும் ஒரே கூரையின்கீழ் நின்றன. அவ்விரண்டும் பிரியாதிருக்க வேண்டுமாயின், குற்றவாளியைத் தேடும் ஊக்கமும் குற்றமற்றவனைக் காக்கும் ஊக்கமும் ஒருவர் நெஞ்சிலேயே ஒருங்கிருத்தல் வேண்டும். சிலம்பைக் கற்பிக்கும் ஆசிரியர் வழக்குரை காதையோடு நின்றுவிடாது, கொற்கையில் மாண்ட ஆயிரவரையும் மாணாக்கர்க்கு எடுத்துரைப்பாராயின் அவ்வூக்கத்துக்கு வித்திட்டவராவர்.